எட்டு லட்டும் காலித் தட்டும்
குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வாழ்வும் எண்ணுப் பாட்டும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. எழுத்தென்னும் கண்ணுக்கு மை தீட்டிய புலவர்கள் எண்ணிறந்தோர். எண்ணென்னும் கண்ணைக் குழந்தையின் முகத்தில் சிரிக்கச் சிரிக்கத் திறந்துவைத்தவர்களோ மிகச் சிலர். அச்சிலருள் முதலிடம் பெறத்தக்கவர் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா. பகற்பொழுதில் வங்கியில் பிறர் பணத்திற்குக் கணக்கு எழுதி, எஞ்சிய பொழுதில் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியவர் அவர். இவ்விரு பணிகளும் ஒன்றுக்கொன்று பகையாகாமல் ஒன்றையொன்று வளர்த்தன என்பதே அவர் வாழ்வின் தனிச்சிறப்பு.

எண்ணைப் பாட்டில் வைப்பது தமிழுக்குப் புதிதன்று. திருவண்ணாமலையோடு பிரிக்க இயலாதபடி பெயர் கலந்துபோன அருணகிரிநாதர், சுவாமிமலை முருகன்மீது திருவெழுகூற்றிருக்கை பாடினார். அவருக்கு எட்டு நூற்றாண்டுகள் முன்னரே, அண்ணாமலையைப் பதிகத்தால் போற்றிய திருஞானசம்பந்தர் சீகாழிக்கு அவ்வகைப் பாட்டைப் பாடியிருந்தார். ஒன்றிலிருந்து இரண்டு ஏறி மீண்டும் ஒன்றுக்கு இறங்கி, பின் மூன்று வரை ஏறி இறங்கி, இவ்வாறே ஏழு வரை படிப்படியாக வளரும் அமைப்பு அது. அதைத் தேர் வடிவில் கட்டமிட்டு எழுதிக் காட்டுவதும் உண்டு. பாட்டாகவும் படமாகவும் எண்ணாகவும் ஒருங்கே நிற்கும் அருமை அதற்குண்டு. ஆயினும் அது கற்றோர் கையிலுள்ள தேர். மூன்று வயதுக் குழந்தை இழுத்துச் செல்லும் நடைவண்டியன்று. அந்த நடைவண்டியைச் செய்துதரத் தமிழ் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருந்தது.

அதுவரை குழந்தைகள் எண்ணாமல் இருந்தார்கள் என்பதில்லை. ஐந்தாங்கல் ஆடும் சிறுமியர் கல்லுக்கு ஒரு பாட்டு வைத்திருந்தனர். குடம் குடமாக நீரூற்றப் பூப் பூவாக மலரும் விளையாட்டுப் பாட்டு தெருவெங்கும் ஒலித்தது. பல்லாங்குழியின் குழிகளில் கூட்டலும் கழித்தலும் நடந்தன. திண்ணைப் பள்ளியின் கதை வேறு. அங்கே எண்சுவடி ஆட்சி செய்தது. முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி, எண்பதில் ஒரு பங்கான காணி, இருபதில் ஒரு பங்கான மா என்று நுண்ணிய பின்னங்களையும் சிறுவர்கள் சட்டாம்பிள்ளையின் பின்னே கூவி மனனம் செய்தனர். கூர்மையான கல்விதான், ஆனால் பிரம்பின் நிழலில் வளர்ந்தது. தெருவில் சிரித்த எண், திண்ணையில் ஏறியதும் அழுதது.

இவ்விரண்டிற்கும் இடையில், 1922ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் வள்ளியப்பா பிறந்தார். தந்தையார் அழகப்பச் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. நகரத்தார் குடியில் கணக்கு என்பது பாடமன்று, பழக்கம். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய அச்சமூகத்தில் பெட்டியடிப் பையனாகப் போய்ப் பேரேடு பழகுவதே பல சிறுவர்களுக்கு விதிக்கப்பட்ட வழி. வள்ளியப்பாவுக்கும் கணக்கு வந்தது. கூடவே சந்தமும் வந்தது. உள்ளூரிலிருந்து கடியாபட்டிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு நண்பர்களோடு நடந்துசெல்லும் வழியில், கண்ணில் பட்ட திரைப்படப் பெயருக்கு ஈற்றொலி ஒன்றிய சொற்களை அடுக்கிக்கொண்டே போனதுதான் அவருடைய கவிதையின் தொடக்கம் என்பர். கூட நடந்த பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தனர். ஒருவர் சொல்ல, மற்றவர் முடிக்க, அனைவரும் சிரிக்கும் இம்முறை அவருடைய பிற்காலப் பாட்டுகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

1940இல் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தனின் சக்தி காரியாலயத்தில் பணியிலமர்ந்தார். ‘சக்தி’ இதழில் ஆசிரியப் பொறுப்பிலிருந்த தி.ஜ.ர., கணக்குப் பார்க்க வந்த இளைஞரிடம் எழுத்தும் இருப்பதைக் கண்டு ஊக்கினார். அவ்வூக்கத்தால் பிறந்த முதல் கதையின் பெயர் ‘ஆளுக்குப் பாதி’. தம் எழுத்து வாழ்வையே ஒரு பின்னத்தோடு, அதுவும் பங்கிட்டுக்கொள்ளும் பின்னத்தோடு, தொடங்கிய எழுத்தாளர் தமிழில் வேறொருவர் இருப்பது அரிது. மறு ஆண்டே இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது. 1941 முதல் 1982 வரை, நாற்பத்தோராண்டுகள் அவர் வங்கிப் பணியாளராகவே இருந்தார்.

1944இல் ‘மலரும் உள்ளம்’ வெளிவந்தது. இருபத்து மூன்று பாடல்கள் கொண்ட சிறு நூல். அதற்கு முன்பே பாரதியார் 1915இல் பாப்பாப் பாட்டைத் தந்திருந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிள்ளைகளுக்கென இனிய பாடல்கள் பல பாடியிருந்தார். அவர்களுக்கு அது பெரும்பணியின் ஒரு கிளை. வள்ளியப்பாவுக்கோ அதுவே வேர், அதுவே மரம். பெரியோர்க்கான கவிஞர் என்ற பெயரை அவர் தேடவில்லை. குழந்தைக் கவிஞர் என்ற பெயரே போதும் என்று அமைந்தார். அவர் இயற்றிய குழந்தைப் பாடல்கள் ஆயிரத்தைத் தாண்டும்.

அவற்றுள் எண்ணுக்கென்று ஒன்றை எடுத்துக்காட்ட வேண்டுமாயின், ‘லட்டும் தட்டும்’ என்ற பாட்டைக் காட்டலாம். வட்டமான தட்டில் எட்டு லட்டுகள். கிட்டு என்னும் சிறுவன் பாதியை எடுத்துக்கொள்கிறான். எஞ்சியதைத் தங்கை பட்டு தின்றுவிடுகிறாள். பிறகு பாட்டு நின்று, இவனுக்கு எத்தனை, இவளுக்கு எத்தனை என்று கணக்கைச் சரிபார்க்கிறது. முடிவில் எஞ்சுவது காலித் தட்டு. கதை இவ்வளவே. எட்டு என்னும் எண், பாதி என்னும் பின்னம், கழித்தல், சமபங்கு, சுழியம் ஆகிய ஐந்தும் ஒரு மூச்சில் பாடி முடிக்கும் அளவுக்குள் அடங்கிவிட்டன. எங்கும் கணக்கு என்ற சொல் வரவில்லை. பாட்டைத் தொடங்கும் நிறைந்த வட்டமே பாட்டின் இறுதியில் வெறும் வட்டமாகி, சுழியத்தின் உருவத்தைக் குழந்தையின் கண்முன் வைத்துவிடுகிறது. நாள்முடிவில் வரவும் செலவும் பொருந்தக் கண்டபின்னரே பேரேட்டை மூடும் வங்கிப் பணியாளரின் பழக்கம் இப்பாட்டின் கடைசி அடிகளில் தெரிகிறது.

கவிஞர்கள் கவனிக்க வேண்டியது அதன் ஓசை. அடிதோறும் ஈற்றில் வல்லொற்று இரட்டித்து ஒலிக்கிறது. அது கைதட்டலின் ஒலி. பெயர்களும் பண்டமும் பாத்திரமும் எண்ணும் அந்த ஒரே ஒலியில் வந்து முடிவதால், அடுத்த சொல் எதுவென்று குழந்தையால் முன்கூட்டியே ஊகிக்க முடிகிறது. படித்துக்காட்டும் தாய் ஈற்றுச் சொல்லுக்கு முன் சற்றே நிறுத்தினால் போதும். குழந்தை அதைப் பறித்துக்கொண்டு தானே சொல்லிவிடும். படத்தில் உள்ள லட்டை விரலால் தொட்டு எண்ணும். ஒன்றை விட்டுவிட்டால் மீண்டும் எண்ணும். பாட்டின் கடைசிச் சொல்லைச் சொல்லும் உரிமை கவிஞருக்கும் இல்லை, தாய்க்கும் இல்லை, குழந்தைக்கே உரியது. எதுகையும் இயைபும் இங்கே அணியாக நிற்கவில்லை. குழந்தை ஏறிவரும் படிகளாக நிற்கின்றன.

எட்டு என்ற எண்ணைத் தேர்ந்ததும் பொருத்தமானதே. இருகைவிரலுக்குள் அடங்கும், பாதியும், பாதியின் பாதியும் பிசிறின்றி வரும். மலை வலம் வரும் சாலையில் இந்திரலிங்கம் முதல் ஈசானலிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. பதினான்கு கிலோமீட்டர் நடையில் கால் வலிக்கும் குழந்தைக்கு, கண்டது எத்தனை, காண வேண்டியது எத்தனை என்று கேட்டபடி நடக்கும் பெற்றோர் செய்வதும் வள்ளியப்பா செய்ததும் ஒன்றே. மூன்று முடிந்தது, ஐந்து இருக்கிறது என்று சொல்லும் குழந்தை கழித்தலைக் கற்கவில்லை. கால் வலியை மறக்கிறது. கழித்தல் தானாக வந்து சேர்கிறது.

அப்பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. அண்ணனுக்கு நான்கு, தங்கைக்கும் நான்கு. முதலில் எடுத்தவன் ஆண்பிள்ளையாயினும் அவன் பாதிக்கு மேல் தொடவில்லை. ஆண்மகனுக்கு முதலும் மிகுதியும் படைத்துப் பழகிய வீடுகளில் பாடப்பட்ட பாட்டு இது. நீதி என்று ஒரு சொல்லும் சொல்லாமல், எண்ணிக்கையாலேயே நீதி செய்துவிட்டது. ‘ஆளுக்குப் பாதி’ என்ற முதல் கதையின் பெயர் கவிஞரின் உள்ளத்தில் எத்துணை ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இது சான்று.

அமெரிக்காவில் 1969இல் எரிக் கார்ல் படைத்த பசிகொண்ட புழுவின் படநூல் உலகெங்கும் புகழ்பெற்றது. புழு ஒரு நாள் ஓர் ஆப்பிளையும், மறுநாள் இரண்டு பேரிக்காய்களையும், அடுத்து மூன்று பழங்களையும் எனத் தின்றுகொண்டே போகும். தின்ற இடத்தில் தாளிலேயே துளை இருக்கும். குழந்தை அத்துளையில் விரலை நுழைத்து எண்ணும். வண்ண அச்சும் துளையிட்ட தாளும் கொண்ட அத்தகைய நூல் அன்றைய தமிழ்ப் பதிப்புலகிற்கு எட்டாக் கனி. மலிவான தாளும் சிறு கோட்டுப் படமுமே இங்கு வாய்த்தவை. ஆதலின் தாளில் இடமுடியாத துளையை வள்ளியப்பா அடியின் ஈற்றில் இட்டார். அதைக் குழந்தை தன் குரலால் நிரப்பிற்று. நூல் வாங்க வசதியற்ற வீட்டிலும் அந்நூல் புழங்கியது, வாய்மொழியாக.

தாம் ஒருவரே பாடினால் போதாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற அவரே முதற்காரணர். சக்தி வை. கோவிந்தன் அதன் தலைவரானார். பிள்ளைகளுக்கு எழுதுவது பெரிய எழுத்தாளராவதற்கு முன் செய்யும் பயிற்சி என்று எண்ணப்பட்ட காலம் அது. அதை ஒரு துறையாக மதிக்கச் செய்ததில் அச்சங்கத்தின் பங்கு பெரிது. ‘பூஞ்சோலை’ முதலிய சிறுவர் இதழ்களுக்கு ஆசிரியராயிருந்து இளம் எழுத்தாளர் பலரை வளர்த்தார். ஈசாப்பின் கதைகளைப் பாடலாக்கினார். காந்தியடிகளின் வாழ்வைப் பாட்டில் சொன்னார். வெளிநாட்டு விடுகதைகளைத் தொகுத்தார். நதிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இந்திய மொழிகள் பலவற்றிற்குச் சென்றது.

அவர் பாடல்கள் யாவும் ஒரே தரத்தன என்று சொல்வதற்கில்லை. அறிவுரை முன்னே வந்து பாட்டு பின்னே தங்கிவிட்ட இடங்கள் உண்டு. காலத்தின் கட்டளைக்குப் பணிந்து எழுதியவையும் உண்டு. ஆனால் சிரிப்பு முன்னே வந்த இடங்களிலெல்லாம் அவரை வெல்ல எவரும் இல்லை. குழந்தை கேட்கும் பாட்டில் ஓர் அசை பிசகினாலும் அக்குழந்தை விளையாடப் போய்விடும் என்பதை அறிந்து எழுதியவர் அவர். முதிர்ந்த வாசகன் மரியாதைக்காகக் காத்திருப்பான்; குழந்தை காத்திராது. இத்தகைய கடுந்தேர்வை ஏற்க அஞ்சியே பல கவிஞர்கள் குழந்தைப் பாட்டை எளியது என்று சொல்லி ஒதுங்கிவிடுகின்றனர்.

1982இல் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ‘கோகுலம்’ இதழின் ஆசிரியரானார். ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவில் தான். 1989ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில், குழந்தை இலக்கியத்தைத் தனிப்பாடமாக வைக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருக்கையில் மயங்கி விழுந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அகவை அறுபத்தாறு. தமக்கென எதையும் கேட்டு நின்ற கூட்டமன்று அது. பிள்ளைகளுக்குரிய பங்கைக் கேட்டு நின்ற கூட்டம்.

2022இல் அவருடைய நூற்றாண்டு வந்தது. அவ்வாண்டிலேயே தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, பாட்டாலும் ஆட்டத்தாலும் கற்பிக்க முற்பட்டது. மழலையர் பள்ளிகளிலும் கைப்பேசித் திரைகளிலும் கிட்டுவும் பட்டுவும் இன்றும் லட்டுத் தின்கின்றனர். பல இடங்களில் பாட்டுக்கு உரியவர் பெயர் மட்டும் இல்லை. பழம்பாட்டு, நாட்டுப்பாட்டு என்றே பலரும் கருதுகின்றனர். பெயர் மறைந்து பாட்டு வாழ்வது ஒரு கவிஞன் அடையக்கூடிய பெரும்பேறு என்று சொல்வதுண்டு. அது உண்மையே. ஆனால் அதைவிடக் கவலைக்குரிய இழப்பு வேறொன்று இருக்கிறது. திரை தானே பாடித் தானே விடையும் சொல்லிவிடுகிறது. ஈற்றுச் சொல்லுக்கு முன் அது நிற்பதில்லை. குழந்தையின் முறை வருவதேயில்லை.

அந்த முறையைக் குழந்தைக்குத் திருப்பித் தருவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மடியில் ஒரு குழந்தையும் கையில் ஒரு படநூலும், அடியின் இறுதியில் சற்றுக் காத்திருக்கும் பொறுமையும் போதும். படைக்க வல்லார்க்கோ இன்னும் ஒரு கடமை உண்டு. ஒன்று முதல் பத்து வரை எண்ணும் ஒரு நல்ல பாட்டு, இன்றைய பிள்ளையின் வீட்டையும் தெருவையும் பண்டங்களையும் கொண்டு எழுதப்பட வேண்டும். வள்ளியப்பா தம் பங்கான பாதியை நிறைவாகச் செய்து முடித்துவிட்டார். மறுபாதி கவிஞர்களுக்காக இன்னும் தட்டிலேயே இருக்கிறது.