லூல்கந்துரவின் தச்சர் மகன்

இலங்கைத் தேயிலையின் கதையை எழுதுகிறவர்கள் ஜேம்ஸ் டெய்லரில்தான் தொடங்குவார்கள். 1867, லூல்கந்துர, 19 ஏக்கர் என்ற மூன்றும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்த டெய்லர் ஒரு தச்சரின் மகன் என்பதை மட்டும் அதிகம் பேர் சொல்வதில்லை.

நானும் தச்சுத் தொழிலில் இருப்பவன். என் அப்பா அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தச்சராக இருந்தார். 1977 வன்செயலுக்குப் பிறகு, வேறு பல மலையகக் குடும்பங்களோடு எங்கள் குடும்பமும் வவுனியாவுக்கு வந்தது. அப்பா மலையிலிருந்து கொண்டுவந்தவற்றில் பெரியது அவரது ஆயுதப் பெட்டிதான். அந்த உளிகளையும் சீவுளியையும் பிடித்தே நானும் தொழில் பழகினேன். அதனால் டெய்லரின் வாழ்க்கையைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, மற்றவர்கள் கடந்துபோகும் சில இடங்களில் என் கண் நின்றுவிட்டது.

டெய்லர் 1835 மார்ச் 29 அன்று ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில், மொன்பொட்டோ என்ற பெருநிலத்தில் இருந்த ஒரு சிறிய வீட்டில் பிறந்தார். தந்தை மைக்கல், வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். ஆறு பிள்ளைகளில் டெய்லர் மூத்தவர். தாய் சிறு வயதிலேயே இறந்துபோனார். படிப்பில் கெட்டிக்காரராக இருந்தும், அந்த ஊரில் ஒரு தச்சர் மகனுக்கு இருந்த வழிகள் குறைவு. 1851 இல், 16 வயதில், இலங்கைக் கோப்பித் தோட்டத்தில் உதவித் துரையாக வேலை செய்ய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு 100 பவுண் சம்பளம். 1852 இன் தொடக்கத்தில் கொழும்பில் இறங்கி, சில வாரங்களில் ஹேவாஹெட்ட மலைப்பக்கத்தில் இருந்த லூல்கந்துரவுக்கு வந்து சேர்ந்தார். இறக்கும்வரை 40 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

சக்கரம் செய்யும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். மரம் வெட்டியதோடு செத்துப்போவதில்லை. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இதை விளங்கிக்கொள்ள ஒரு லாச்சி அலுமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு லாச்சி வைத்த அலுமாரி ஒன்றை மெஷின் இல்லாமல் செய்வதென்றால், முதல் வேலை வாளும் உளியும் அல்ல, காத்திருப்பு. அறுத்த பலகைகளை இடையில் சிறு கட்டைகள் வைத்து, காற்றுப் போகும்படி அடுக்கி, நிழலில் மாதக்கணக்காக விடவேண்டும். அதன்பிறகுதான் சீவுளி பிடித்து மட்டம் பார்த்து, மூலைமட்டம் வைத்துக் கோடு கீறி, இரு பலகைகளின் முனைகளையும் விரல் கோத்த மாதிரி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று இறக்குவது. லாச்சியை அதன் கூட்டுக்குள் இறுக்கமாகப் பொருத்தினால் பார்க்க அழகாக இருக்கும். முதல் மழைக்காலத்தில் அது ஊதி அடைத்துக்கொள்ளும். நுவரெலியா போன்ற ஈரக் குளிர் ஊருக்குச் செய்யும் லாச்சியில் எவ்வளவு இடைவெளி விடுவது, வவுனியா வெயிலுக்குச் செய்வதில் எவ்வளவு விடுவது என்பது தச்சரின் கைக்கணக்கு.

டெய்லர் அலுமாரி செய்தாரா என்பதல்ல என் பேச்சு. ஈரத்தை அளந்து, பொருள் பதத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, பிறகு கை வைக்கிற வேலையை அவர் பிறந்த வீட்டிலேயே பார்த்திருப்பார். தேயிலை கேட்டதும் அதே பொறுமையைத்தான்.

அவர் வந்தபோது மலைநாடு முழுவதும் கோப்பி. அந்தக் கோப்பியை நட்டுப் பறித்தவர்கள் தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்த எங்கள் முன்னோர்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்தவர்கள் துண்டு என்ற கடன் சீட்டில் கங்காணிக்குக் கட்டுப்பட்டார்கள். துண்டுமுறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. காட்டை வெட்டி, எரித்து, மலைச்சரிவில் வரிசை பிடித்து, பாதை போட்டது அவர்களின் கைகள். இளம் துரை ஒரு மர வீட்டில் குடியிருந்து அந்த வேலைகளை நடத்தினார்.

லூல்கந்துரவில் அந்த வீடு இருந்த இடத்துக்கு நானும் போய்ப் பார்த்தேன். இப்போது மிச்சமிருப்பது கருங்கல்லில் கட்டிய புகைபோக்கிதான். கொஞ்சத் தூரத்தில் அவர் உட்கார்ந்து மலையைப் பார்ப்பார் என்று சொல்லப்படும் கல்லாசனம் ஒன்று. சுவரும் கூரையும் கதவும் மரமாக இருந்தபடியால் எல்லாம் போய்விட்டன. அதைப் பார்த்தபோது எனக்கு 2009 க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்கள்தான் நினைவுக்கு வந்தன. அங்கும் கல்லும் சீமெந்தும் நின்றன. கதவு, ஜன்னல், நிலை, கூரைச் சலாகை என்று மரத்தில் இருந்த ஒன்றும் இல்லை. முதிரையில் செய்த அலுமாரிகளைத் தேடி வந்தவர்கள் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை வன்னியில் கதவு போடப் போன தச்சர்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

தேயிலைக்கு வருவோம். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து கிடைத்த விதைகளை டெய்லர் முதலில் பாதையோரங்களில் நட்டுப் பார்த்தார். 1867 இல் 7 ஆம் இலக்க மலையில் 19 ஏக்கர் நட்டார். தோட்டம் முழுக்கத் தேயிலையாக நட்டது இலங்கையில் அதுவே முதல் என்று வரலாறு பதிகிறது. ஆனால் செடி வளர்ந்துவிட்டால் தேயிலை வந்துவிடாது. கொழுந்தைக் குடிக்கக்கூடிய தூளாக்குகிற வேலை தெரிந்தவர்கள் அன்று இலங்கையில் இல்லை என்றே சொல்லலாம்.

டெய்லர் தன் பங்களா வராந்தாவையே தொழிற்சாலையாக்கினார். அங்கே போடப்பட்டது மேசை. பறித்த கொழுந்தைப் பரப்பி வாடவிட்டு, அந்த மேசையில் போட்டுக் கையால் உருட்டினார்கள். உள்ளங்கையால் மட்டும் அல்ல, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வைத்து அழுத்தி உருட்டுவது. இலையின் உள்சாறு வெளியே வந்து காற்றுப் பட்டு நிறம் மாறும். பிறகு களிமண் அடுப்பில் கரி நெருப்புப் போட்டு, கம்பித் தட்டில் வைத்து உலர்த்துவார்கள். அந்தத் தூள் இங்கேயே இராத்தல் ஒன்றரை ரூபாய்க்கு விலை போனது.

வாடவிடும் கட்டத்தில்தான் தச்சுவேலையும் தேயிலையும் ஒன்றாகின்றன. வாடாத இலையை உருட்டினால் உடைந்து நொறுங்கும். அளவுக்கு மேல் வாடினால் சாறு வராது. பச்சைப் பலகையில் உளி வைத்தாலும் முழுதாகக் காய்ந்து வெடித்த பலகையில் உளி வைத்தாலும் இதே கதைதான். பதம் என்பது கைக்குத்தான் தெரியும். டெய்லருக்கு அது தெரிந்தது. அவர் வராந்தாவில் முழங்கை சிவக்க உருட்டிய தமிழ்த் தொழிலாளருக்கும் அது தெரிந்தது. ஒரு நாளில் நூறு தடவை இலையைத் தொடுகிறவர்களின் கை அது. இந்த நாட்டின் முதல் தேயிலையின் ருசியில் இரண்டு பக்கத்தின் அறிவும் இருந்தது என்பது என் எண்ணம்.

1872 இல் டெய்லர் கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, முழுமையான தேயிலைத் தொழிற்சாலை ஒன்றையும் நடத்தத் தொடங்கினார். 1873 இல் லூல்கந்துரவிலிருந்து 23 இராத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. அதன் பெறுமதி 58 ரூபாய். 23 இராத்தல் தூளுக்குச் சுமார் 100 இராத்தல் பச்சைக் கொழுந்து வேண்டும். இன்று ஒரு மலையில் சில பெண்கள் ஒரு நாளில் பறித்து முடிக்கும் அளவுதான். ஆனால் கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்த நேரம் அது. 1869 இல் தென்பட்ட அந்த நோய் சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களைப் படுக்கவைத்தது. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக லூல்கந்துர வழிக்கு வந்தார்கள். மலைநாடு தேயிலை நாடாக மாறியது.

டெய்லர் ஊருக்குத் திரும்பவே இல்லை. 40 ஆண்டுகளில் ஒரே ஒரு விடுமுறை எடுத்தார். 1874 இல் எடுத்த அந்த விடுமுறையிலும் தேயிலை வேலை பார்க்கத்தான் டார்ஜிலிங் போனார். வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்று ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஒரு தச்சரின் மகன் எழுதிய கடிதங்களை ஒரு நாடு காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

தோட்டங்கள் பெருகியதோடு தச்சர்களுக்கும் வேலை பெருகியது. தேயிலை உடனே வாசம் பிடிக்கும் பொருள். மணமுள்ள மரத்தில் பெட்டி செய்தால் அந்த மணம் தேயிலையில் ஏறிவிடும். அதனால் பெட்டி மரத்தைத் தெரிவதே ஒரு தனி வேலை. உள்ளே ஈயத் தகடு வைத்து, ஈரம் புகாமல் மூடி ஆணி அடிக்கவேண்டும். பிறகு ஜப்பானிலிருந்து பெட்டிப் பலகைகள் வந்தன, ஐரோப்பாவிலிருந்து ஒட்டுப்பலகைப் பெட்டிகள் வந்தன, இன்று கடதாசிப் பை. பழைய பெட்டிகள் லயத்துக்குள் வேறு வாழ்க்கை வாழ்ந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அலுமாரி வைக்க இடமும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. தேயிலைப் பெட்டிதான் உடுப்புப் பெட்டி, அரிசிப் பெட்டி, பிள்ளைகள் படிக்கும் மேசை. என் அப்பா துரை பங்களாக்களுக்கு லாச்சி வைத்த அலுமாரிகள் செய்தார். எங்கள் வீட்டில் உடுப்பு இருந்தது தேயிலைப் பெட்டியில்.

1890 இல் தோமஸ் லிப்டன் வந்து தம்பேதன்ன உட்படத் தோட்டங்களை வாங்கினார். உலகம் முழுவதும் கடைகளில் லிப்டனின் பெயர் ஏறியது. தேயிலை கம்பனிகளின் கைக்குப் போன காலம் அது. லூல்கந்துரவும் ஒரு கம்பனியின் கீழ் இருந்தது. 1892 இல் அந்தக் கம்பனி டெய்லரை வேலையிலிருந்து விலகச் சொன்னது. 40 ஆண்டுகள் ஒரே மலையில் இருந்தவர் போக மறுத்தார். போக வேறு இடமும் அவருக்கு இருக்கவில்லை. சில நாட்களில் வயிற்றுளைவு நோய் கண்டது. 1892 மே 2 அன்று, 57 வயதில், தன் பங்களாவிலேயே இறந்தார்.

பெரிய உடம்புக்காரர். 246 இராத்தல் எடை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். லூல்கந்துரவிலிருந்து கண்டிக்கு அவரைச் சுமந்து போனவர்கள் 24 பேர். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள் என்று சொல்வார்கள். தோட்டத்தின் கங்காணிகளும் தொழிலாளரும் பின்னால் நடந்தார்கள். கண்டி மஹையாவ மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் முன்னோடி என்று கல்லறையில் பொறித்தார்கள்.

இந்த முடிவை வாசிக்கும்போது கம்பனிக்கு முன்னால் துரையும் தொழிலாளியும் ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மை. வேலை போனால் வீடும் போகும் என்ற சட்டம் கடைசியில் டெய்லரையும் தொட்டது. ஆனால் அது அவருக்கு வாழ்க்கையில் ஒருமுறை வந்தது. லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்பிலிருந்தே இருந்தது. 1948 இல் பிரஜாவுரிமை போனபோது, நாடும் சேர்ந்து அந்த லயத்து வாசற்படியைப் போலானது. இருக்கலாம், சொந்தமில்லை. வன்செயலுக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள் அங்கே காடு வெட்டிக் கிணறு தோண்டி, முதல்முறையாகத் தங்கள் பெயரில் ஒரு துண்டு நிலத்தை நம்பினார்கள். யுத்தம் அதையும் விடவில்லை. மலையில் இன்றும் 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று பேச்சு நடக்கிறது. உறுதிப்பத்திரம் கையில் கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

டெய்லரின் பெருமையைக் குறைக்க நான் இதை எழுதவில்லை. தச்சர் பட்டறையிலிருந்து வந்த ஒரு பையன், கையறிவால் ஒரு நாட்டின் தொழிலையே மாற்றினார். அது பெரிய காரியம். ஆனால் தச்சுவேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், நாலு லாச்சி அலுமாரியைத் தனியொருவர் தூக்கி நிறுத்த முடியாது. மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். வராந்தா மேசையில் இலை உருட்டியவர்களின் பெயர் ஒன்றும், அவரைச் சுமந்த 24 பேரின் பெயர் ஒன்றும் நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அந்தப் பெயர்கள் இனிக் கிடைக்காமல் போகலாம். அடுத்த தலைமுறையின் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. தோட்ட அலுவலகங்களில் கறையான் தின்னும் பழைய செக்ரோல் புத்தகங்களில் இருக்கின்றன. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வாழும் முதியவர்களின் நாக்கில் இருக்கின்றன. யார் எந்த மலையில் வேலை செய்தார், யார் பெட்டி அடித்தார், யார் கவ்வாத்து வெட்டினார், எந்த ஆண்டு எந்த லயத்திலிருந்து வெளியேறினார் என்று கேட்டு எழுதிவைக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.