மரப்பட்டைப் படையின் மன்னன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

வாரிசு இல்லாமல் அழிந்த நாடுகள் உண்டு. வாரிசுகள் மிகுந்ததால் குருதி சிந்திய நாடு நார்வே! மன்னனின் மகன் என்றால் போதும். மனைவியின் வயிற்றில் பிறந்தானா, பணிப்பெண்ணின் வயிற்றில் பிறந்தானா என்று அந்நாட்டின் பழைய வழக்கம் பார்ப்பதில்லை. 1130 முதல் 1240 வரை அங்கே அரியணைப் போர் ஓயவில்லை. அப்போரில் எழுந்தவரே ஸ்வெர்ரே.

சீப்பு செய்து பிழைத்த ஊனாஸ் என்பவரின் மகனாகவே அவர் அறியப்பட்டார். ஊனாஸின் உடன்பிறந்தவர் பாரோ தீவுகளில் ஆயராக இருந்தார். அவரிடம் கல்வி கற்று ஸ்வெர்ரே குருப்பட்டமும் பெற்றார். 1175ஆம் ஆண்டளவில் தாய் குன்ஹில்டு ஓர் இரகசியத்தை உடைத்தாளாம். உண்மைத் தந்தை ஊனாஸ் அல்லர். 1155இல் கொலையுண்ட மன்னர் சிகுர்து!

மறு ஆண்டே அவர் நார்வே வந்தார். அப்போது அரியணையில் இருந்தவர் மாக்னஸ். தாய்வழியில் அரச மரபினர். சிறுவயதிலேயே திருச்சபையால் முடிசூட்டப் பெற்றவர். அவருடைய தந்தை எர்லிங்கே உண்மையில் நாட்டை ஆண்டார். இவர்களை எதிர்த்த கூட்டத்தார் காலணிக்கும் வழியின்றிப் பூர்ச்ச மரப்பட்டையைக் கால்களில் சுற்றிக்கொண்டதால் 'மரப்பட்டைக் காலினர்' என்று ஏளனம் செய்யப்பட்டனர். 1177இல் தலைவனை இழந்து நின்ற அவர்கள் ஸ்வெர்ரேயைத் தலைவராக்கிக் கொண்டனர். கந்தல் உடுத்தவர்களை வைத்து அரியணையைப் பிடிக்க முடியுமா? முடிந்தது! 1179இல் நிதாரோஸ் நகரில் எர்லிங் வீழ்ந்தார். 1184 ஜூன் 15 அன்று பிம்ரைட்டே கடற்போர். மாக்னஸிடம் 26 கப்பல்கள், ஸ்வெர்ரேயிடம் 14தான். தோற்ற கப்பலின் வீரர்கள் அடுத்த கப்பலில் குதிக்க, பாரம் தாங்காமல் கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. மாக்னஸும் கடலில் மாண்டார்.

இதற்கிடையே எரிக் என்றொருவர், தாமும் சிகுர்துவின் மகனே என்று வந்தார். அதை மெய்ப்பிக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தவும் துணிந்தார். தாம் சிகுர்துவின் மகன், ஸ்வெர்ரேயின் சகோதரர் என்று சேர்த்து ஆணையிட முற்பட்டார். மரப்பட்டைக் காலினர் தடுத்தனர்! தம் பிறப்புக்கு மட்டும் அவர் இரும்பு ஏந்தினால் போதுமாம். ஏன் இந்த அச்சம்?

கணிதம் படிப்பவன் என்பதால் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குருவாக முப்பது வயது ஆகவேண்டும் என்பது அன்றைய திருச்சபை விதி. நார்வே வருமுன்பே குருவானவர் என்றால், ஸ்வெர்ரே 1146க்குப் பின் பிறந்திருக்க முடியாது. சிகுர்து பிறந்ததோ 1133இல். பதின்மூன்று வயதில் தந்தையா? தொலைதூரத் தீவில் விதி தளர்ந்திருக்கலாம் என்பாரும் உண்டு. அவருடைய பிறப்பைச் சொல்லும் வரலாற்று நூலை ஐஸ்லாந்துத் துறவி கார்ல் யோன்சன் எழுதத் தொடங்கியபோது, எதை எழுதுவது என்று அருகிலிருந்து முடிவு செய்தவரே ஸ்வெர்ரேதான்! எனினும், மரப்பட்டை சுற்றியவர்களைக் கொண்டு கடலில் வென்றது கட்டுக்கதை அன்று.

திருச்சபை அவரை விலக்கி வைத்தது. 18 ஆண்டுகள் தனிமன்னராக ஆண்டவர், கடைசி ஆண்டுகளில் போப்பின் சாபத்தோடேயே ஆண்டார். 1202 மார்ச்சில் பெர்கன் நகரில் நோயால் இறக்குமுன், தம் முகத்தை மூடாமல் வைக்கச் சொன்னாராம். சாபம் பலித்ததா என்று பகைவரும் வந்து பார்க்கட்டும் என்று.

1218இல் அதே நகரில் மீண்டும் இரும்பு காய்ச்சப்பட்டது. இம்முறை ஏந்தியவள் இங்கா என்னும் பெண். தன் மகன் ஹாக்கோன் ஸ்வெர்ரேயின் பேரன் என்று காட்ட அவளுக்கு அது தேவைப்பட்டது. அவள் கை தேறியது. மகன் 1263 வரை நார்வேயை ஆண்டான். ஸ்வெர்ரேயின் பேரன் என்பதே அரசுரிமைக்குப் போதுமானதாக இருந்தது.