யார் இந்த எட் ராபர்ட்ஸ்?

கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தே பாடம் படித்திருப்பீங்க. 1950களிலேயே ஒருவர் அப்படிப் படித்தார், தொலைபேசி வழியாக!

அவர்தான் எட் ராபர்ட்ஸ். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்தவர்.

1953இல், 14 வயதில், அப்போது பரவிய போலியோ அவரையும் தாக்கியது. கழுத்துக்குக் கீழே உடல் ஏறக்குறைய செயலிழந்தது. மூச்சுவிடக்கூட 'இரும்பு நுரையீரல்' எனும் பெரிய இயந்திரம் தேவைப்பட்டது.

உடற்கல்வியையும் கார் ஓட்டும் பயிற்சியையும் முடிக்கலைன்னு பள்ளி அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தது. அம்மா விடவில்லை. போராடி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து மாநில மறுவாழ்வுத் துறை. இவரால் வேலை செய்யவே முடியாது என்று சொல்லி, படிப்புக்கு உதவ மறுத்தது. விஷயம் செய்தியில் வந்த பிறகே முடிவு மாறியது.

1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இயந்திரத்தை மாணவர் விடுதியில் வைக்க முடியாததால் வளாக மருத்துவமனையிலேயே தங்கினார். உடற்குறையுள்ள மற்ற மாணவர்களும் அங்கு வந்து சேர்ந்தனர்.

அந்த நட்பிலிருந்து பிறந்ததுதான் 1972இல் பெர்க்லியில் அமைந்த சுதந்திர வாழ்வு நிலையம். உதவியாளர், வீடு, சக்கர நாற்காலி பழுதுபார்ப்பு என எல்லாவற்றுக்கும் அது வழிகாட்டியது. நடத்தியவர்களும் உடற்குறையுள்ளோரே.

சரி, அடுத்தவர் உதவியோடு வாழ்வது எப்படிச் சுதந்திரமாகும்? எல்லாவற்றையும் தானே செய்வதல்ல, தன் வாழ்க்கையைத் தானே முடிவுசெய்வதுதான் சுதந்திரம் என்று அவர் நம்பினார்.

1975இல், தம்மை ஒதுக்கிய அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரே இயக்குநரானார்! 1995இல், 56 வயதில் காலமானார்.

இனி யாருக்காவது உதவப் போனால், என்ன வேணும்னு முதலில் அவரிடமே கேளுங்க.