பல்வலியைப் பொருட்படுத்தாத வீரர் பாஞ்சோ வில்லா

சிங்கப்பூரின் நியூ வோர்ல்டு, ஹேப்பி வோர்ல்டு பூங்காக்களில் ஒரு காலத்தில் குத்துச்சண்டைப் பந்தயங்கள் நடந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே மேடையேறியவர்களில் பிலிப்பைன்ஸ் வீரர்களும் உண்டு. அந்நாட்டு வீரர்களுக்கெல்லாம் முன்னோடியான பாஞ்சோ வில்லா, உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தபோதே 23 வயதில் மறைந்தார். அவர் உயிரைப் பறித்தது எதிராளியின் குத்து அல்ல. சீழ் பிடித்த ஒரு பல். வியாபாரிகளாகிய நமக்கும் அதில் பாடம் உண்டென்பதால் அவ்வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

அவருடைய இயற்பெயர் பிரான்சிஸ்கோ கில்லேடோ. மெக்சிகோ நாட்டுப் புரட்சித் தலைவரான பாஞ்சோ வில்லா வேறு, இவர் வேறு. 1901 ஆகஸ்டு முதல் தேதி, நீக்ரோஸ் தீவிலுள்ள இலோக் என்னும் ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். சிறுவன் இலோயிலோ நகருக்குக் கப்பலேறிச் சென்று, சப்பாத்துத் துடைத்துப் பிழைத்தான். பின்னர் மணிலா சென்று குத்துச்சண்டை பழகினான்.

உயரம் ஐந்தடி ஓரங்குலம். போட்டியிட்டதோ 112 ராத்தலுக்கு மேற்படாத மிகச் சிறிய எடைப் பிரிவில். ஆயினும் ஓயாமல் முன்னேறித் தாக்கும் அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுப்பவர் அரிது. 1922-ல் மானேஜர் பிராங்க் சர்ச்சில் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜானி பப்பை வீழ்த்தி அமெரிக்கப் பட்டத்தைப் பெற்றார். 1923 மார்ச்சில் பிராங்கி ஜெனரோவிடம் அதை இழந்தார். ஆனாலும் உலக வீரர் ஜிம்மி வைல்டுடன் மோதும் வாய்ப்பு, வென்ற ஜெனரோவுக்குக் கிட்டவில்லை, வில்லாவுக்கே கிட்டியது. கூட்டத்தைக் கூட்டக்கூடியவர் அவரே என்று பந்தயம் நடத்தியவர் கணக்கிட்டார். 1923 ஜூன் 18-ல் நியூயார்க் போலோ மைதானத்தில் ஏழாவது சுற்றில் வைல்டு வீழ்ந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டின் முதல் உலகப் பட்டம் அது.

இரண்டாண்டுகள் கழித்து, 1925 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். கலிபோர்னியாவில் ஜிம்மி மெக்லார்னின் என்னும் 17 வயது இளைஞருடன் பந்தயம். பட்டம் இதில் பணயமில்லை. பந்தயத்துக்கு முன்னரே வில்லாவின் முகம் வீங்கிவிட்டது. அன்று காலையில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வலியோடு மேடையேறினார். ஒரு கையால் கன்னத்தைக் காத்தபடி பத்துச் சுற்றும் நின்று, புள்ளிக் கணக்கில் தோற்றார்.

சில நாட்களில் மறுபடியும் பல் பிடுங்க நேர்ந்தது. சீழ் பரவியிருப்பதைக் கண்ட பல் வைத்தியர் ஓய்வெடுக்கச் சொன்னார். வில்லா கேட்கவில்லை, நண்பர்களோடு விருந்தும் கேளிக்கையுமாக நாட்களைப் போக்கினார். பல்லின் வேரிலிருந்து சீழ் நாக்கின் அடியிலும் தொண்டையிலும் பரவினால், வீக்கம் மூச்சுப் பாதையை அடைத்துவிடும். பயிற்சியாளர் செய்தியறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றபோது காலம் கடந்திருந்தது. சத்திர சிகிச்சையும் பலனளிக்கவில்லை. ஜூலை 14-ல் சான்பிரான்சிஸ்கோவில் உயிர் பிரிந்தது. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-ல்தான். அப்போது சீழை அடக்க அத்தகைய மருந்து இல்லை. ஓய்வும் கவனிப்புமே கைவசமிருந்த மருந்து. அதைத்தான் அவர் தள்ளிவிட்டார்.

அவரிடம் தோற்ற வைல்டு அதன் பிறகு சண்டையிடவில்லை. ஆனால் முதுமை வரை வாழ்ந்தார். அவரை வென்ற மெக்லார்னின் 1933-ல் உலக வீரரானார். வில்லாவோ மணிலா வடக்கு மயானத்தில் உறங்குகிறார். 1994-ல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஒப்புக்கொண்ட பந்தயத்துக்கு வலியோடு போனதை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. சொன்ன தேதியில் சரக்கைச் சேர்ப்பிக்கக் காய்ச்சலோடு கடையில் நின்றவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஆனால் பந்தயம் முடிந்த பின் அவரை எந்த ஒப்பந்தமும் கட்டியிருக்கவில்லை. அந்தப் பத்து நாட்களே அவரைக் கொண்டுபோயின. கணக்கில் சிறு தொகை விடுபட்டால் இரவெல்லாம் விழித்துத் தேடும் நாம், உடம்பில் தோன்றும் சிறு நோவையும் அவ்வாறே உடனே பார்ப்போமாக.