வழிகாட்டியின் பின்னால் நடந்தவர்



மலையேறுதல் என்றதும் உச்சியில் நின்று எடுத்த படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. முதல் நாள் நடந்த நடையை யாரும் கேட்பதில்லை. இன்று அப்படியொரு முதல் நாளைப் பற்றிச் சிந்திப்போம்.

1889ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதி. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள மக்குஞ்ஞாகா என்ற ஊரிலிருந்து நான்கு பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 32 வயது அருள்பணியாளர் அக்கில்லே ராட்டி. மிலான் நகரின் அம்புரோசியன் நூலகத்தில் பணியாற்றிய அறிஞர். உடன் வந்தவர் அவருடைய நண்பர் அருள்பணியாளர் லூயிஜி கிராசெல்லி. வழிகாட்டி ஜுசெப்பே கதின்; சுமை தூக்க அலெசியோ புரோமென்ட்.

அவர்கள் ஏற விரும்பியது 4,634 மீட்டர் உயரமுள்ள மோன்தே ரோசா. அதுவும் பனிச்சரிவுகளுக்குப் பேர்போன கிழக்கு முகத்தின் வழியாக. முதல் நாள் இலக்கு, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருந்த ஒரு சிறு தங்கும் குடில் மட்டுமே. அதன் பெயர் மரினெல்லி குடில். 1881இல் அதே மலையில் பனிச்சரிவில் தம் இரு வழிகாட்டிகளோடு உயிரிழந்த மலையேறுபவரின் பெயர் அது. அங்கே தங்குகிறவர் யாரும் அந்த மரணத்தை நினையாமல் இருக்க முடியாது.

வெயில் ஏறினால் பனி இளகிச் சரியும். ஆகவே ஆபத்தான சரிவை இருட்டிலேயே கடந்தாக வேண்டும். அந்த மலையில் முதல் நாளின் ஞானம் இதுதான்: அவசரப்படாமல் நடப்பது, பலத்தைச் சேமிப்பது, வழிகாட்டி சொல்லும் நேரத்தில் எழுவது. நூல்களில் எவ்வளவு கற்றிருந்தாலும், மலையில் வழி அறிந்தவர் மலைக்காரரே. படித்த குரு, கயிற்றால் பிணைக்கப்பட்டு அவர் பின்னால் நடந்தார்.

அடுத்த நாள் மாலை உச்சிக்கு அருகிலேயே இருட்டிவிட்டது. இருட்டில் இறங்க முயலாமல், கடுங்குளிரில் ஒரு பாறை விளிம்பில் நால்வரும் தூங்காமல் இரவைக் கழித்தார்கள். விடிந்தபின் உச்சியை அடைந்து, சுவிட்சர்லாந்துப் பக்கம் நலமாக இறங்கினார்கள்.

இந்த அக்கில்லே ராட்டிதான் 1922இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் ஆனார். பயஸ் என்றும் அவரை அழைக்கிறோம். 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தை உருவாக்கி, இம்மண்ணின் மைந்தரான பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையை அதன் முதல் ஆயராக நியமித்தவர் அவரே. 1926இல் சீனக் குருக்கள் ஆறு பேரை உரோமையில் தம் கைகளாலேயே ஆயர்களாகத் திருப்பொழிவு செய்தார். அந்தந்த மண்ணை அறிந்தவர்கள் அங்கே முன்னே நடக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். இளமையில் மலைக்காரர் ஒருவரின் பின்னால் பணிவோடு நடந்தவருக்கு இது கடினமாக இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

அன்பர்களே, நம் பங்குகளில் முன்னே நடக்க ஆசைப்படுகிறவர் பலர்; பின்னால் நடக்கக் கற்றவர் சிலர். குருவாகிய நானும் இதில் அடக்கம். நாம் ஒரு புதிய பணியைத் தொடங்கும் முதல் நாளில், அந்த வழியை நம்மைவிட நன்றாக அறிந்த ஒருவர் அருகில் இருப்பார். அவர் படிக்காதவராக இருக்கலாம், வயதில் இளையவராகவும் இருக்கலாம். அவர் பின்னால் நடக்கும் பணிவை ஆண்டவரிடம் கேட்போம்.