விபூதிப் புதனன்று வேதசாட்சி

ஆண்டுதோறும் பிப்ரவரி 4ந் தேதி புனித அருளானந்தர் திருநாளை நாம் கொண்டாடி முடித்த பிறகே தபசுகாலம் வருகிறது. ஆகவே அவர் உயிர் நீத்தது ஒரு விபூதிப் புதனன்று என்பதை நம்மில் பலர் அறியோம்.

1647ல் லிஸ்பன் நகரில் பிரபு குலத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர் அவர். சேசு சபையில் சேர்ந்து 1673ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். மதுரை மிஷனில் பண்டார சுவாமியாகக் காவியுடுத்திப் புலால் தொடாமல் வாழ்ந்தார். நாற்பது நாள் மாமிசம் விடவே நமக்கு எத்தனை சிரமம்! அவருக்கோ ஆண்டு முழுதும் தபசுகாலமே.

1686ல் மறவ நாட்டில் சித்திரவதைப்பட்டார். பிறகு தாய்நாடு சென்றும் அங்கே தங்க மனமின்றி 1690ல் திரும்பி வந்தார். தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரே மனைவியோடு வாழத் தீர்மானித்தார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதிக்கு உறவு. அப்பெண்ணின் வேதனையும் சிறிதல்ல. முறையீடு அரண்மனைக்குப் போயிற்று. 1693 ஜனவரியில் சுவாமி பிடிபட்டார்; ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது.

அவ்வாண்டு பாஸ்குத் திருநாள் மார்ச் 22. அதற்கு முன்னதாக அது வரவே வராது. 1818க்குப் பின் அந்தத் தேதியில் வரவில்லை. அவர் திருநாளும் விபூதிப் புதனும் மறுபடி ஒன்றுசேர்வது 2285ல்தான்.