பசவதேவரும் அடியார் தொண்டும்

தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கன்னட நாட்டெல்லையை ஒட்டிக் கானகஞ் சூழ அமைந்தது ஜவளகிரி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவிற் கேட்கப்படும் ஊர் அது. அண்மையில் அவ்வூர் வீரசைவப் பெரியார் ஒருவர் இல்லத்தில் யாம் உணவுகொள்ள நேர்ந்தது. இலையிடுமுன் ஒருமுறையும், யாம் கைகழுவியபின் ஒருமுறையும் அவர் எம்மை வணங்கினார். உண்டார் நன்றி கூறுதல் உலக வழக்கு. ஊட்டினார் கூறுதல் யாம் அதுகாறுங் காணாதது. எமக்கு நாணமே மேலிட்டது. காரணம் வினவினேமுக்கு, பசவண்ணர் காட்டிய முறை இஃது என்பதன்றி அவர் வேறொன்றுஞ் சொல்லிற்றிலர். அம்முறையின் மூலத்தை அறியும் வேட்கையே இச்சரிதத்தை யாம் எழுதப் புகுந்தமைக்கு ஏதுவாயிற்று.

பசவதேவர் பன்னிரண்டாம் நூற்றாண்டினர். கன்னட நாட்டுப் பாகேவாடியிலே, மாதரசர் என்னும் சைவ அந்தணருக்கும் மாதலாம்பிகையாருக்கும் மகவாய்த் தோன்றினார். இளமையிலேயே பூணூற் சடங்கை வேண்டாதொழித்து, கிருஷ்ணையும் மலப்பிரபையும் கலக்கும் கூடலசங்கமத்தை அடைந்து, அங்குள்ள சங்கமநாதர் திருவடிக்கே ஆட்பட்டுக் கல்வி பயின்றார். பின்னர், மேலைச்சாளுக்கியரிடமிருந்து கலியாண நகரைக் கைக்கொண்ட கலசூரி மன்னன் பிச்சளன்பாற் கணக்கராய் அமர்ந்து, படிப்படியே உயர்ந்து பண்டாரத் தலைவருமாயினார். அரசியற் செய்திகளை இங்கு விரிப்பதிற் பயனில்லை.

அவர்தம் பெருமை விளங்கியது மாளிகை முற்றத்திலேயாம். அல்லமப்பிரபு தலைமை தாங்க, அக்கமகாதேவியார், சென்னபசவர், சொன்னலிகைச் சித்தராமர் முதலாயினார் குழுமிய அனுபவ மண்டபம் என்னும் அடியார் அவையை வீரசைவ நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆண்டு வண்ணார் மாச்சையரும், ஓடக்காரர் சௌடையரும், செருப்புத் தைக்கும் அரளையரும் அந்தணரோடு ஒப்ப வீற்றிருந்தனர். கைத்தொழில் செய்து உண்பதைக் காயகம் என்றும், ஈட்டியதை அடியார்க்கு அளிப்பதைத் தாசோகம் என்றும் அவர்கள் வழங்கினர். தாசோகமாவது, கொடுப்பவன் தன்னை அடிமையென்றும் கொள்பவரைத் தலைவரென்றும் உணர்ந்து கொடுத்தல். கருணையால் இரங்கிக் கொடுப்பவனுக்கும் ஒருசிறிது செருக்கு நிற்றல் கூடும். அடிமைக்கு அதற்கு இடமில்லை.

இக்கொள்கை எத்துணைக் கூர்மையுடையதென்பதை ஆய்தக்கி மாரையர் வரலாறு காட்டும். பசவர் முற்றத்திற் சிந்திய அரிசியைப் பொறுக்கி வந்து, அதனைச் சமைத்து அடியார்க்கு ஊட்டி எஞ்சியதை உண்பது அவர் காயகம். ஒருநாள் வழக்கத்தின் மிக்க அரிசி கொணர்ந்தார். மனைவியார் இலக்கம்மையார் முகங்கொடுத்திலர். மிகை வேண்டுவது ஆசையேயென இடித்துரைத்து, அதனை எடுத்த இடத்திலேயே இட்டுவரச் செய்தனர். அமைச்சரது நெல்லும் தம் உழைப்பின் அளவுக்கு மிஞ்சி அவ்வில்லினுள் நுழையவில்லை.

இனி அரளையர் சரிதம். தெருவில் எதிர்ப்பட்ட பசவரை அவர் ஒருமுறை வணங்க, பசவர் இருமுறை வணங்கினார். மிகையாய் வந்த அவ்வொரு வணக்கம் தீர்க்கலாகாக் கடனாய் அரளையர் நெஞ்சை அழுத்தியது. அவரும் மனைவியாரும் தத்தம் தொடைத்தோலை உரித்துப் பாதரட்சை சமைத்து அளித்தனர் என்ப. அதனைக் காலில் அணியத் தமக்குத் தகுதியில்லையெனப் பசவர் தலைமேற் சுமந்து மீட்டுங் கொடுத்தார். இந்நிகழ்ச்சியை அறிஞர் எவ்வாறு கொள்ளினுங் கொள்க. கண்ணப்பர் கண்ணிடந்தமையையும் சிறுத்தொண்டர் மகவூட்டினமையையும் ஓதிவரும் நமக்கு இஃது அயலன்று.

அயலன்று என்றதற்கு வேறும் காரணம் உண்டு. நம் அறுபத்துமூவரைப் புராதனர் எனப் போற்றுவது வீரசைவ மரபு; அரிகரர் என்னுங் கன்னடப் புலவர் பசவரைப் பாடியதோடமையாது, நம் சுந்தரரையும் நம்பியண்ணன் எனப் பாடினார். பசவரும், சோழநாட்டிற் குதிரைக்குப் புல்லறுத்து மறைவிற் கூழை இறைவனுக்கு ஊட்டியவராகச் சொல்லப்படும் மாதார சென்னையரைத் தம் முன்னோராக உரிமை கொண்டாடினார். அந்தணர் குடிப்பிறந்த அமைச்சர், தமிழ்நாட்டுப் புலைத்தொண்டர் ஒருவரைத் தந்தையென்று சொல்லிக்கொண்டது நன்றியுணர்வன்றி வேறென்னை?

ஒன்று மறைத்தற்கில்லை. நிலைபெற்ற ஆலயத்தினும் நடமாடும் அடியாரையே பசவர் மேலாகக் கொண்டார். மெய்கண்டதேவரது பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே அரனெனத் தொழுமாறு விதித்தலின், அவர் துணிபு நமக்கு முற்றும் உடன்பாடன்று. ஆயினும் அச்சூத்திரத்தின் முற்பகுதியை நாம் ஆலயத்தோடொப்பப் பேணினோமோ என யாம் எம்மையே வினவிக்கொள்ள நேர்கின்றது. மடங்களின் அடுக்களை வாயிலில் நிற்போரை உள்ளிருப்போர் எங்ஙனம் நோக்குகின்றனர் என்பதை அறிந்தவர் அறிவர்.

தொண்டின் இவ்வுறுதியே கலியாணத்தில் இடருக்கு வித்தாயிற்று. அரளையர் மகனுக்கும், அந்தணர் குடியினின்று அடியாரான மதுவரசர் மகளுக்கும் மணம் நிகழ்ந்தது. ஓர் இலையில் உண்பதைப் பொறுத்த நகரம் இம்மணத்தைப் பொறுத்திலது. தந்தையர் இருவரும் அரசன் ஆணையாற் கொடிய தண்டமுற்று மாண்டனர். கலகம் மூண்டது, பிச்சளனும் கொலையுண்டான், அடியார் நாற்றிசையும் சிதறினர். 1167ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. சிதறியோர் வழிவந்த நெறி பிற்காலத்தே தமிழ்நாட்டிலும் வேரூன்றியது. பதினேழாம் நூற்றாண்டிற் சிவப்பிரகாச சுவாமிகள், சாமரசர் கன்னடத்திற் பாடிய அல்லமர் சரிதத்தைப் பிரபுலிங்கலீலையாகத் தமிழில் தந்தருளினார். பேரூரும் மயிலமும் அந்நெறி பேணும் இடங்களாயின.

பசவதேவர் கலகத்திற்கு முன்னரே நகர் நீங்கி, இளமையில் ஆட்பட்ட கூடலசங்கமத்திற்கு மீண்டு ஆண்டே இறைவனோடு ஒன்றினார் என்பது மரபு. அவ்விடம் இன்று அணைக்கட்டின் நீர்ப்பரப்பினுள் அகப்பட்டுள்ளது. சுற்றிலுங் கிணறுபோற் சுவரெழுப்பிக் காத்துள்ளனர். அன்பர்கள் படியிறங்கிச் சென்று, அடியிலுள்ள இலிங்கத்தை வணங்கி மீள்கின்றனர்.